ஒப்பீட்டு அட்டவணையில் இல்லாத இரண்டு கேள்விகள்: வி.பி.என். வாங்கவிருக்கும் தொழில் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஓசூர் வட்டாரச் சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும்,

வணக்கம்.

வீட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் அலுவலக சர்வருக்குள் வர ஒரு பாதுகாப்பான வழி, அதாவது வி.பி.என். வேண்டும் என்று நீங்கள் விலைப்புள்ளி கேட்டால், வருகிற ஒப்பீட்டு அட்டவணை எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். பிராண்டு, எத்தனை யூசர், எத்தனை ஜி.பி.பி.எஸ்., ஏ.இ.எஸ்.-256 குறியாக்கம் உண்டா, மூன்று ஆண்டு லைசென்ஸுக்கு என்ன விலை. கடைசிக் கட்டத்தைப் பார்த்து எல்-1 (மிகக் குறைந்த விலை சொன்னவர்) யாரோ அவருக்கு ஆர்டர் போகிறது. அந்த அட்டவணை இருக்கட்டும். அதில் இரண்டு கட்டங்களைக் கூட்டுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். ஒன்று: இந்த வி.பி.என். பெட்டியில் (வலையமைப்பின் வாசலில் நிற்கும் ஃபயர்வால் கருவி) பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட நாளில், அதன் வழியாக வருகிறவன் நம் நிறுவனத்தில் எதுவரை போக முடியும்? இரண்டு: அந்த ஓட்டையை யார், எத்தனை மணி நேரத்துக்குள் அடைப்பார்?

குறியாக்க வலிமையை ஒப்பிடுவதில் பயனில்லை. இன்று விற்பனையில் உள்ள எல்லாப் பொருளிலும் அது போதுமான அளவு இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளின் பெரிய ஊடுருவல்களில் யாரும் ஏ.இ.எஸ்.-ஐ உடைத்து உள்ளே வரவில்லை. வி.பி.என். பெட்டியின் லாகின் பக்கத்தில் இருந்த மென்பொருள் பிழை வழியாக வந்தார்கள்; அல்லது திருடிய பாஸ்வேர்டை வைத்து நேராக லாகின் செய்து வந்தார்கள்.

முதல் வகையைப் பாருங்கள். ஃபோர்டினெட் நிறுவனப் பெட்டிகளின் எஸ்.எஸ்.எல். வி.பி.என். பகுதியில் (வெப் வழியாக இயங்கும் வி.பி.என்.) சி.வி.இ-2018-13379 என்ற ஓட்டை இருந்தது (சி.வி.இ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவெண்). லாகின் செய்யாமலே பெட்டிக்குள் இருக்கும் கோப்பைப் படிக்கலாம். அந்தக் கோப்பில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. 2019 மே மாதமே திருத்தம் (பேட்ச்) வந்துவிட்டது. ஆனாலும் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 பெட்டிகளின் லாகின் விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அவற்றில் பல பெட்டிகளுக்கு அதற்குள் பேட்ச் போட்டிருக்கக்கூடும். பாஸ்வேர்டை மாற்றாதவர்களுக்கு அந்த பேட்சால் பயனில்லை. 2024 ஜனவரியில் இவான்டி கனெக்ட் செக்யூர் பெட்டிகளில் இரண்டு ஓட்டைகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். நிலைமை எவ்வளவு மோசமென்றால், ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, பிப்ரவரி 2 நள்ளிரவுக்குள் அந்தப் பெட்டிகளை வலையமைப்பிலிருந்தே கழற்றிவிடும்படி அந்நாட்டு மத்திய அரசுத் துறைகளுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் குளோபல்புரொடெக்ட் வி.பி.என்.-இல் சி.வி.இ-2024-3400 வெளியானது. தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து.

இந்த மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று. எஸ்.எஸ்.எல். வி.பி.என். என்பது 443 போர்ட்டில் (வெப் பக்கங்களுக்கான வாசல் எண்) உலகத்துக்கே திறந்துவைத்த ஒரு வெப் சர்வர். யார் என்று தெரியாதவர் அனுப்பும் கோரிக்கையையும் அது வாங்கிப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிழை அந்தப் பிரிக்கும் இடத்தில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் குறுக்கே வருவதே இல்லை. நார்வேயின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2024 மே மாதம், எஸ்.எஸ்.எல். வி.பி.என்.-ஐக் கைவிட்டு ஐ.கே.இ.வி2 (சாவியைப் பரிமாறும் முறை) உடன் கூடிய ஐபிசெக் என்ற வி.பி.என். முறைக்கு மாறும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2025 இறுதியைக் கெடுவாகச் சொன்னது. ஃபோர்டினெட்டே தன் 7.6.3 பதிப்பில் எஸ்.எஸ்.எல். வி.பி.என். டன்னல் முறையை (பயனரின் போக்குவரத்தைக் குறியாக்கி அலுவலகம்வரை கொண்டுபோகும் வழி) நீக்கிவிட்டது. 2 ஜி.பி. ரேம் கொண்ட சிறு மாடல்களுக்கு 7.6.0-லேயே அது போய்விட்டது. நம் ஊர் நிறுவனங்கள் பலவற்றில் இருப்பது அந்தச் சிறு மாடல்கள்தான். எனவே எஸ்.எஸ்.எல். வி.பி.என். வசதியைக் காட்டி மூன்றாண்டு லைசென்ஸ் புதுப்பிக்கச் சொன்னால், அடுத்த பதிப்பில் அந்த வசதி இருக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

"எங்களுடையது ஐபிசெக்" என்ற பதிலோடும் திருப்தியடைந்துவிட வேண்டாம். குளோபல்புரொடெக்ட்டும் தரவை ஐபிசெக்கில்தான் கொண்டுபோகும். ஆனால் லாகின் 443 வழியாக நடக்கிறது, 2024-ல் அடி விழுந்தது அந்த வாசலில். கேட்க வேண்டிய கேள்வி: லாகின் செய்யாத ஒருவருக்கு இந்தப் பெட்டி எந்தெந்த போர்ட்டில் பதில் சொல்லும்? ஐபிசெக் என்றால் யு.டி.பி. (ஒருவகைப் பொட்டலப் போக்குவரத்து) 500, 4500. நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. வயர்கார்டு என்ற இன்னொரு வி.பி.என். முறை இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. சரியான சாவி இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு அது பதிலே அனுப்பாது. வெளியிலிருந்து தேடுபவனுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. ஓபன்வி.பி.என்.-இலும் டி.எல்.எஸ்.-கிரிப்ட் அமைப்பைப் (சாவி இல்லாத பொட்டலத்தை முதலிலேயே ஒதுக்குவது) போட்டால் ஏறக்குறைய அதே பலன்.

இவற்றுக்கும் குறைகள் உண்டு. விற்பவர் சொல்லமாட்டார் என்பதால் நாங்கள் சொல்கிறோம்.

ஐபிசெக்கில் எல்லா ஊழியருக்கும் ஒரே பகிர்வுச் சாவியைக் கொடுத்து, பழைய ஐ.கே.இ.வி1-இன் அக்ரெசிவ் முறையில் அமைத்துவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பகிர்வுச் சாவியின் ஹேஷை (சாவியிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) வெளியிலிருந்து வாங்கி, நிதானமாக வீட்டில் வைத்து உடைக்கலாம். ஐ.கே.இ.வி2, ஆளுக்கொரு சான்றிதழ், டிஃபி-ஹெல்மன் (சாவிப் பரிமாற்றக் கணிதம்) குரூப் 19 அல்லது 20 என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். விண்டோஸோடு வரும் ஐ.கே.இ.வி2 கிளையன்ட் தானாக விட்டால் பலவீனமான குரூப் 2-ஐக் கேட்கும். பவர்ஷெல் கட்டளையில் மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் "கனெக்ட் ஆகவில்லை" என்று பெட்டியில் குரூப் 2-ஐத் திறந்துவிடுவது சோம்பேறித் தீர்வு. சான்றிதழ் வைத்தால் ஐ.கே.இ. பொட்டலம் பெரிதாகித் துண்டாகும். சில வீட்டு இணைப்புகள் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடும். ஐ.கே.இ. ஃபிராக்மென்டேஷன் (ஐ.கே.இ.யே பொட்டலத்தைச் சிறு துண்டாக்கி அனுப்பும் வசதி) இருபக்கமும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

வயர்கார்டில் பயனர் என்று ஒருவரே இல்லை, சாவி மட்டும்தான். லேப்டாப்பில் உள்ள கோப்பை நகலெடுத்தவன் உள்ளே வந்துவிடுவான். ஓ.டி.பி.யும் கிடையாது. ஆகவே அதை வெறுமனே நிறுவாமல், லாகினையும் சாவி மாற்றத்தையும் பார்த்துக்கொள்ளும் மேலாண்மை அடுக்கோடு மட்டும் வாங்குங்கள். டெயில்ஸ்கேல் போன்றவை செய்வது அதைத்தான். ஹோட்டல் வைஃபை சில இடங்களில் யு.டி.பி.யை முழுக்க அடைத்துவிடும். அங்கே ஐபிசெக், வயர்கார்டு இரண்டும் படுத்துவிடும். அடிக்கடி வெளிநாடு போகும் மெர்ச்சன்டைசர்கள் இருந்தால் இதற்கு மாற்று வழி வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். 2021 மே 7 அன்று அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாய்களை நிறுத்தியது. உள்ளே வந்தவர்கள் பயன்படுத்தியது, யாரும் பயன்படுத்தக் கூடாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு. அதில் பாஸ்வேர்டுக்குமேல் ஓ.டி.பி. போன்ற இரண்டாம் அடையாளச் சோதனை இல்லை. பாஸ்வேர்டு எளிதானதல்ல என்று அதன் தலைவர் செனட் விசாரணையில் சொன்னார். திருட்டுப்போன பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்து என்ன பயன்? 75 பிட்காயின் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவக் கட்டணச் செயலாக்க நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேரில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே: இரண்டாம் சோதனை இல்லாத ஒரு சிட்ரிக்ஸ் தொலை அணுகல் வாசல். பிப்ரவரி 12-ல் நுழைந்தவர்கள் 21-ஆம் தேதி வரை ஒன்பது நாள் உள்ளே உலவிவிட்டுத்தான் கோப்புகளைப் பூட்டினார்கள்.

இரண்டாம் சோதனை வேண்டும் என்பது தெரிந்ததே. எந்த வகை என்பதில்தான் வேறுபாடு. எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. ஒன்றுமில்லாததற்கு மேல். போனில் "அனுமதி" பொத்தான் அழுத்தும் முறை ஆபத்தானது: தொடர்ந்து அறிவிப்பு அனுப்பி, சலித்துப்போய் ஒருமுறை அழுத்தும்வரை தொல்லை கொடுப்பார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் அப்படித்தான் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கணக்கு வழியாக வந்தார்கள். திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச் சொல்லும் முறை அதைவிட மேல். சர்வர் நிர்வாகிகள், கணக்குப் பிரிவு, இயக்குநர்கள் ஆகியோருக்கு ஃபிடோ2 சாவி (கம்ப்யூட்டரில் செருகும் சிறு கருவி) வாங்கிக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு, ஒன்று பீரோவில். இயக்குநருக்கு மட்டும் விலக்கு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதிக அனுமதி உள்ள கணக்குக்குக் குறைந்த பூட்டு என்பதே அதன் பொருள்.

நிறுவும்போது வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். ரேடியஸ் (லாகினைச் சரிபார்க்கும் நெறிமுறை) வழியாகப் போனுக்கு அறிவிப்பு அனுப்பும் அமைப்பில், பல ஃபயர்வால்கள் தாமாக 5 வினாடிதான் காத்திருக்கும். பயனர் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் லாகின் தோற்றுவிடும். அதை 60 வினாடியாக்க வேண்டும். இது தெரியாமல் "எம்.எஃப்.ஏ. (இரண்டாம் சோதனை) வேலை செய்யவில்லை" என்று அணைத்துவிட்ட இடங்கள் உண்டு. இன்னொன்று: ஃபயர்வால் ஆக்டிவ் டைரக்டரியை (விண்டோஸ் பயனர் கணக்குகளின் பட்டியல்) கேட்பதற்கு ஒரு சர்வீஸ் கணக்கு வைப்பார்கள். அவசரத்தில் டொமைன் அட்மின் (அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் உரிமையுள்ள) கணக்கையே போட்டுவிடுவார்கள். பெட்டி விழுந்தால் டொமைனும் அப்போதே விழுந்தது. படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு, 636 போர்ட்டில் எல்.டி.ஏ.பி.எஸ். (அந்தப் பட்டியலைக் குறியாக்கத்தோடு கேட்கும் முறை), அவ்வளவுதான் தேவை.

இரண்டாம் சோதனையும் போதாத இடம் ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் வெளியான சிட்ரிக்ஸ் பிளீட் ஓட்டை, ஏற்கெனவே லாகின் செய்தவர்களின் செஷன் டோக்கன்களை (லாகின் ஆனவர் என்பதற்கான தற்காலிகச் சீட்டு) கசியவிட்டது. டோக்கன் கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். பேட்ச் போட்டபின் நடப்பிலிருந்த எல்லா செஷன்களையும் வெட்டாதவர்கள் திறந்தபடியே இருந்தார்கள். எனவே ஒப்பிடும்போது கேளுங்கள்: செஷன் எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கும், எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் வெட்ட முடியுமா?

இனி உள்ளே வந்தபின் என்ன. எங்கள் மடலின் மையம் இதுதான். வி.பி.என். கனெக்ட் ஆனதும் பயனருக்கு ஓர் உள் ஐ.பி. கிடைக்கிறது, ஃபயர்வாலின் அனுமதி விதிகளில் (பாலிசி) "வி.பி.என். முதல் லேன் வரை எல்லாம்" என்று ஒரே வரி இருக்கிறது. தறிக்கூட கம்ப்யூட்டர், டாலி சர்வர், பேக்கப் என்.ஏ.எஸ். (கோப்பு சேமிப்புப் பெட்டி), சி.சி.டி.வி. எல்லாம் 192.168.1.0/24 என்ற ஒரே முகவரித் தொகுதியில். மெர்ச்சன்டைசருக்குத் தேவை ஈ.ஆர்.பி.யின் (நிறுவன மேலாண்மை மென்பொருள்) ஒரு போர்ட். அவருக்குக் கிடைத்திருப்பது தொழிற்சாலை முழுவதும். எந்த பிராண்டை வாங்கினாலும் முதல் வேலை இந்த ஒரு வரியை நீக்குவது: கணக்குப் பிரிவுக் குழுவுக்கு டாலி சர்வர் மட்டும், மெர்ச்சன்டைசிங்குக்கு ஈ.ஆர்.பி. மட்டும், பேக்கப் என்.ஏ.எஸ்.ஸுக்கு வி.பி.என்.-இலிருந்து யாருக்கும் வழியில்லை. இதற்குப் புதுச் செலவு எதுவுமில்லை, கையில் உள்ள பெட்டியிலேயே அரை நாள் வேலை.

வெளியார் விஷயம் இன்னும் மோசம். சி.என்.சி. இயந்திர சர்வீஸ் பொறியாளர், டாலி பார்ட்னர், ஆடிட்டர் அலுவலகம், ஈ.ஆர்.பி. சப்போர்ட். இவர்களுக்காகச் சர்வரில் எனிடெஸ்க் என்ற தொலைமேசைக் கருவியை நிறுவி, நிரந்தர பாஸ்வேர்டு போட்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். உங்கள் ஃபயர்வால் எத்தனை லட்சமானாலும் இந்த வழி அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. தொலைமேசைக் கருவிகளும் தாக்கப்படுகின்றன: 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் உற்பத்தி சர்வர்கள் ஊடுருவப்பட்டதாக அறிவித்துச் சான்றிதழ்களை மாற்றியது, அதே மாதம் ஸ்கிரீன்கனெக்ட்டில் பத்துக்குப் பத்து ஓட்டை வந்தது. வெளியாருக்கான விதி சுருக்கமானது. ஆள் பெயரில் கணக்கு, நிறுவனத்தின் பெயரில் அல்ல. தானாகக் காலாவதியாகும் தேதி. ஒரு இயந்திரம், ஒரு போர்ட். அழைத்தபோது மட்டும் திறப்பு. 3389 போர்ட்டை (விண்டோஸ் தொலைமேசைக்கானது) இணையத்துக்கு நேராகத் திறந்துவைத்திருந்தால் இந்த மடலை இங்கேயே நிறுத்திவிட்டு அதை மூடிவிட்டு வாருங்கள்.

ஜீரோ டிரஸ்ட் அணுகல் என்று விற்கப்படுவது இந்த இடத்துக்குத்தான் பொருந்துகிறது. ஜீஸ்கேலர் பிரைவேட் ஆக்ஸஸ், கிளவுட்ஃபிளேர் ஆக்ஸஸ், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா பிரைவேட் ஆக்ஸஸ் ஆகியவற்றின் அடிப்படை ஒன்றே. உங்கள் அலுவலகத்தில் ஒரு கனெக்டர் உட்கார்ந்து வெளியே நோக்கி மட்டும் இணைப்பு எடுக்கிறது. உள்நோக்கி எந்த போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. பயனருக்கு வலையமைப்பு கிடைக்காது, அனுமதித்த செயலி மட்டும் கிடைக்கும். ஆடிட்டருக்கு பிரவுசரிலேயே கொடுத்துவிடலாம். பொது ஐ.பி. இல்லாத, சி.ஜி.நாட்டுக்கு (பல வாடிக்கையாளர் ஒரே பொது ஐ.பி.யைப் பகிரும் அமைப்பு) பின்னால் இருக்கும் கிளைக்கும் இது வேலை செய்யும்.

விலை ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஓடும். மூன்றாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் பெட்டியைத் தாண்டலாம். சர்வர் தானே பயனரின் கம்ப்யூட்டரைக் கூப்பிட வேண்டிய வேலைகள், அதாவது பழைய ஐ.பி. போன், சில ஈ.ஆர்.பி. கிளையன்ட்கள், வீட்டுப் பிரின்டருக்கு அச்சு அனுப்புதல் ஆகியவை தடுமாறும். சேவை விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். 2025 நவம்பர் 18 அன்று, நம் நேரப்படி மாலை 4.50 மணியளவில் கிளவுட்ஃபிளேர் தடுமாறியபோது ஆக்ஸஸ் லாகின்களும் தோற்றன; ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். இரவு ஷிப்ட்டில் யாராவது உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால், நிர்வாகிகள் இருவருக்கு மட்டும் தனியாக ஓர் ஐபிசெக் வழி வைத்திருங்கள்.

எங்கள் பரிந்துரை இது. நாற்பது பேருக்குள், இரண்டு மூன்று செயலிகள் என்றால் பெட்டியில் வி.பி.என்.-ஐயே திறக்க வேண்டாம். ஜீரோ டிரஸ்ட் அல்லது மேலாண்மையோடு கூடிய வயர்கார்டு போதும். ஐம்பது முதல் முந்நூறு வரை, ஃபயர்வால் ஏற்கெனவே இருக்கிறது என்றால் ஊழியர்களுக்கு ஐ.கே.இ.வி2, வெளியாருக்கு மட்டும் ஜீரோ டிரஸ்ட். எல்லாரையும் ஒரே வழியில் விடவேண்டும் என்ற பிடிவாதம்தான் செலவையும் ஆபத்தையும் ஒன்றாக ஏற்றுகிறது.

வேகக் கணக்கு. விளம்பரத் தாளின் முதல் எண் ஃபயர்வால் வேகம், அதை வி.பி.என். வேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டிகேட் 60எஃப்-இன் தாளில் ஃபயர்வால் 10 ஜி.பி.பி.எஸ்., எஸ்.எஸ்.எல். வி.பி.என். 900 எம்.பி.பி.எஸ். அதைவிட முன்னதாக முட்டுவது உங்கள் லைன். 80 பேரின் எல்லா இணையப் போக்குவரத்தும் அலுவலகம் வழியாக வந்து, ஆளுக்கு 3 எம்.பி.பி.எஸ். வீடியோ அழைப்பு ஓடினால் 240 எம்.பி.பி.எஸ். உள்ளே வந்து, அதே 240 வெளியேயும் போகும். 200 எம்.பி.பி.எஸ். லைன் தாங்காது. வீடியோ அழைப்பை நேரே விட்டு, ஈ.ஆர்.பி.யை மட்டும் டன்னலில் அனுப்பினால் ஆளுக்கு அரை எம்.பி.பி.எஸ். என்றாலும் 40-இல் முடிகிறது.

சோதனைக்கு இரண்டு வாரம் கேளுங்கள். அலுவலக வைஃபையில் செய்யும் டெமோவை ஏற்காதீர்கள். வீட்டு ரவுட்டர்கள் பல 192.168.1.0/24-ஐத்தான் பயன்படுத்துகின்றன, அலுவலகமும் அதுவே என்றால் கனெக்ட் ஆகும், சர்வர் மட்டும் கிடைக்காது. அலுவலகத்தை 10.x-இல் அதிகம் புழங்காத ஒரு தொகுதிக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. லாகின் ஆகிறது, பிங் போகிறது, ஆனால் ஈ.ஆர்.பி. திரை பாதியில் நிற்கிறது என்றால் எம்.டி.யு. (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) சிக்கல். பி.பி.பி.ஓ.இ. (பயனர் பெயர் போட்டு இணையும் பிராட்பேண்ட்) இணைப்பில் அது 1492 பைட்தான் இருக்கும், அதன்மேல் டன்னல் தலைப்பு ஏறுகிறது. டி.சி.பி. எம்.எஸ்.எஸ்.ஸை (பொட்டலத்துக்குள் போகும் தரவின் உச்ச அளவு) 1350-க்குக் குறைத்துப் பாருங்கள்.

பேட்ச் ஒப்பந்தம். ஏ.எம்.சி.யில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) "தேவைப்படும்போது அப்டேட்" என்ற வரி எதற்கும் உதவாது. "தாக்குதலில் பயன்படுவதாக அறிவிக்கப்பட்ட ஓட்டைக்கு 24 மணி நேரத்தில் பேட்ச், முடியாவிட்டால் வி.பி.என். அணைக்கப்படும்" என்று எழுதுங்கள். அணைக்கும் அதிகாரம் யாருக்கு என்று பெயர் குறிப்பிடுங்கள். ஞாயிறு இரவு இயக்குநரின் போன் கிடைக்கும்வரை காத்திருக்கும் ஏற்பாடு வேண்டாம். பேட்ச் போட்டதோடு வேலை முடிவதில்லை: முன்பே நுழைந்தவர்கள் எஸ்.எஸ்.எல். வி.பி.என்.-இன் மொழிக் கோப்புகள் உள்ள இடத்தில் உள்கோப்புகளைச் சுட்டும் ஒரு குறுக்குவழியை (சிம்பாலிக் லிங்க்) விட்டுச் சென்றதால், பேட்ச் போட்ட பிறகும் உள்கோப்புகளைப் படிக்க முடிந்தது என்று ஃபோர்டினெட் 2025 ஏப்ரலில் அறிவித்தது.

சட்டப்படியும் ஒரு கடமை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டலின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை (கருவிகள் எழுதும் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். வி.பி.என். சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைக்க வேண்டும் என்ற பகுதி நிறுவனங்களின் சொந்த வி.பி.என்.-க்குப் பொருந்தாது, இதைச் சொல்லிப் பயமுறுத்தி விற்பவரை நம்பாதீர்கள். ஆனால் 180 நாள் உங்களுக்கும் உண்டு. சிறு ஃபயர்வால் மாடல்களில் டிஸ்க் இல்லை. கரண்ட் போய் வந்தால் லாக்கும் போய்விடும். லாக்குகளைச் சேர்த்துவைக்கத் தனி சிஸ்லாக் சர்வர் வையுங்கள், அது டொமைனில் சேராமல் இருக்கட்டும். கிளவுட் சேவைகளின் மலிவான திட்டங்களில் லாக் எத்தனை நாள் தங்கும் என்று கேளுங்கள்.

புதியது வந்ததும் பழைய பெட்டியைப் "பேக்கப்புக்கு இருக்கட்டும்" என்று லைனில் விட்டுவைக்காதீர்கள். சப்போர்ட் முடிந்த பெட்டிக்குப் பேட்ச் வராது. கழற்றிய அன்றே அதில் இருந்த எல்லா லோக்கல் பயனர் பாஸ்வேர்டுகள், எல்.டி.ஏ.பி. கணக்கு, பகிர்வுச் சாவிகள், சான்றிதழ்கள் ஆகியவற்றை மாற்றிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்து, அதன்பின் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொழில் நிறுவனங்களின் வலையமைப்பைப் பராமரிக்கும் நிர்வாகிகள் சிலர்